ஷட்டிலா, ஃபுட்பாலா, வாலிபாலா? வேலைக்குப் போறவங்க எதுல சேரலாம்

முப்பத்தஞ்சு வயசு தாண்டி மறுபடி ஏதாவது விளையாடணும்னு இறங்குனப்ப எனக்கு மூணு வழி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை டர்ஃப்ல அஞ்சுக்கு அஞ்சு ஃபுட்பால், சாயங்காலம் ஒரு வாலிபால் குரூப், காலையில ஷட்டில். மூணுக்கும் போய்ப் பாத்துட்டு இப்ப ரெண்டு வருஷமா ஷட்டில்லதான் இருக்கேன். அதனால நான் அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், முன்னாடியே சொல்லிடறேன்.

உடம்புக்கு எது நல்லதுன்னு ரொம்ப மண்டைய உடைச்சுக்க வேணாம். வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் மிதமா, இல்லன்னா 75லேருந்து 150 நிமிஷம் நல்லா மூச்சு வாங்குற மாதிரி உடம்ப அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லிருக்கு. இந்த மூணுல எதை வாரம் ரெண்டு மூணு தடவ விடாம ஆடுனாலும் போதும். அந்த "விடாம"ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

ஃபுட்பாலுக்குப் பத்து பேர் வேணும். வரேன்னு பத்து பேரும் சொல்லுவாங்க, ஆனா ஒருத்தர் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு ஆபீஸ்ல மாசக் கடைசி வேலை, ஒருத்தர் போனே எடுக்க மாட்டார், கடைசில ஏழு பேர் வந்து நிப்போம். ஏழு பேர வச்சு சமமா டீம் பிரிக்க முடியாது, டர்ஃப் வாடகைய வந்தவங்கதான் பங்கு போட்டுக் கட்டணும், அப்படி ரெண்டு வாரம் கூடக் கட்டுனவர் மூணாவது வாரம் அவரும் வரமாட்டார். இதெல்லாம் நடக்காம இருக்க ஒருத்தர் சனிக்கிழமை பூரா எல்லாருக்கும் போன் போட்டுக்கிட்டே இருக்கணும். எங்க குரூப்ல அப்படி ஒரு நல்ல மனுஷன் இருந்தார், அவர் வேற ஊருக்கு மாத்தலாகிப் போனதும் ஒரே மாசத்துல ஆட்டம் நின்னுபோச்சு.

வாலிபால்லயும் அதே கதைதான், சைடுக்கு ஆறு பேர். நாலுக்கு நாலு ஆடலாம், ஆனா நம்ம பக்கத்து 9க்கு 9 மீட்டர் இடத்த நாலு பேர் பாத்துக்கறது பழக்கமில்லாதவங்களுக்குக் கஷ்டம், பந்த எடுத்துக் குடுக்கத் தெரிஞ்சவர் அன்னைக்கு வரலன்னா ரெண்டு தட்டுல பந்து தரையில.

ஷட்டில்ல நாலு பேர் வந்தா டபுள்ஸ். மூணு பேர்னா ஒருத்தருக்கு எதிரா ரெண்டு பேர், ரெண்டே பேர்னா சிங்கிள்ஸ். ஆறு பேர் வந்துட்டா ரெண்டு பேர் உக்காரணும், 21 பாயிண்ட் ஒரு கேம் முடிய கால் மணி நேரம் ஆகும், அப்புறம் மாத்திக்கலாம். எட்டு பேர் இருக்கற குரூப்ல பாதிப் பேர் வந்தாலே ஆட்டம் நடந்துடும், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. இந்த ரெண்டு வருஷத்துல ஆள் இல்லாம நின்ன நாள் எனக்கு நினைவுக்கு வரல. இன்னொண்ணு, நல்லா ஆடுறவரையும் புதுசா வந்தவரையும் ஒரே ஜோடியா போட்டுட்டா கேம் சமமாயிடும். எங்க கோர்ட்ல அறுபது தாண்டின ஒரு ஐயா நெட் பக்கத்துல மெதுவா தட்டி விட்டே இளவட்டங்கள ஓட விடுவார், பாக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

குறையும் இருக்கு. இறகு ஷட்டில்ல மொத்தம் 16 இறகு, ஒண்ணு ஒடைஞ்சாலே ஆடிக்கிட்டே போகும், ஸ்மேஷ் அடிக்கறவங்க இருந்தா ஒரு காலையில ரெண்டு மூணு காலி. புதுசா தொடங்குறவங்க நைலான் வாங்குங்க, நாள்கணக்குல வரும். காத்து அடிச்சா வெளியில ஆடவே முடியாது, உள்ளரங்கம் கெடைக்கணும். ஃபுட்பாலுக்கு இந்தத் தொல்லை இல்ல, தூறல்ல கூட ஆடலாம்.

அடிபடறது பத்தி ஒண்ணு அழுத்திச் சொல்லணும், ஓடுற ஷூ போட்டு ஷட்டில் ஆடாதீங்க. அதுல குதிகால் உயரமா இருக்கும், பக்கவாட்டுல சட்டுனு நிக்கும்போது கணுக்கால் பெரண்டுடும், எனக்குப் பெரண்டு ரெண்டு வாரம் உக்காந்தேன். தட்டையான ரப்பர் அடி இருக்கற உள்ளரங்க ஷூ வாங்குங்க, பத்து நிமிஷம் உடம்ப சூடு பண்ணிட்டு இறங்குங்க, குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாண் நடுவயசுல சட்டுனு அறுந்துபோற விளையாட்டு இது. டபுள்ஸ்ல முன்னாடி நிக்கறவர் பின்னாடி திரும்பிப் பாக்கவே கூடாது, பார்ட்னர் அடிக்கற ஷட்டில் நேரா கண்ணுக்கு வரும். வாலிபால் நான் நாலு மாசம்தான் ஆடுனேன், நாள்பட்டு முட்டி என்னாகும்னு சொல்ற அளவு அனுபவம் இல்ல.

கோபன்ஹேகன்ல 8,500 பேருக்கு மேல சுமார் 25 வருஷம் கவனிச்சு 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. எதுவுமே செய்யாதவங்களோட ஒப்பிட்டா ஷட்டில் ஆடுனவங்களுக்கு ஆயுசு 6.2 வருஷம் கூட, ஃபுட்பாலுக்கு 4.7, தனியா செய்யக்கூடிய ஜாகிங்குக்கு 3.2. ஆட்டம்தான் காரணம்னு அது நிரூபிக்கல, வசதியானவங்க அதிகமா ஆடிருக்கலாம். ஆனா நாலு பேரோட சேந்து ஆடறதும் ஒரு காரணமா இருக்கலாம்னு அந்த ஆய்வாளர்களே சொன்னது எனக்கு நம்பும்படியா இருக்கு.

கோல் போட்டா வர்ற அந்த ஆவேசம் ஷட்டில்ல கெடைக்காது, அத நான் இன்னும் தேடறேன். அதனால எதுல சேர்றதுக்கு முன்னாடியும் ரெண்டு வாரம் சும்மா போய் நின்னு எத்தன பேர் வர்றாங்கன்னு எண்ணிப் பாருங்க. உங்க பக்கத்துல பன்னெண்டு பேர் தவறாம வர்ற ஃபுட்பால் குரூப் இருந்தா யோசிக்காம அங்கயே சேந்துடுங்க.