ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்: 9.8 லிட்டர் டேங்க் எவ்வளவு தூரம் தாங்கும்?

ஸ்ப்ளெண்டர் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபுல் டேங்க் போட்டா எவ்வளவு ஓடும்?" என்பதுதான். 97.2 சிசி இன்ஜின், நாலு கியர், 112 கிலோ எடை, 9.8 லிட்டர் டேங்க். 2024-இல் வந்த எக்ஸ்டெக் 2.0 மாடலுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் 73. பெருக்கிப் பார்த்தால் 715 கிலோமீட்டர் வருகிறது. அந்தக் கணக்கை நம்பி யாரும் வண்டியை எடுக்க வேண்டாம். ஒழுங்காகப் பராமரித்த வண்டி ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓடினால் 60 முதல் 70 வரை தரும். டேங்கில் கடைசி முக்கால் லிட்டரை இல்லாததாகவே வைத்துக்கொள்வது நல்லது. 500 கிலோமீட்டர் என்று திட்டமிட்டால் ஏமாற்றம் இருக்காது. சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 460. நிதானமாக ஓட்டினால் வழியில் பெட்ரோல் போடாமலே போய்ச் சேரலாம்.

கார்புரேட்டர் காலத்து ஸ்ப்ளெண்டரிலிருந்து மாறியவர்கள் முதலில் மறக்க வேண்டியது ரிசர்வ் பழக்கத்தை. 2020-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு வண்டி எஃப்ஐ ஆனது, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறைக்கு மாறியது. திருப்பி விட ரிசர்வ் குழாய் இப்போது கிடையாது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதன் சூட்டைத் தணிப்பதும் அந்தப் பெட்ரோல்தான். முள் சிவப்பிலேயே கிடக்க, தினமும் ஐம்பதுக்கும் நூறுக்கும் போட்டு ஓட்டினால் பம்ப் சூடாகும், அடியில் தங்கிய தூசியும் தண்ணீரும் அதன் வாய்க்கே வரும். மாற்றும் செலவு, மிச்சம் பிடித்ததாக நினைத்ததையெல்லாம் விழுங்கிவிடும். முள் சிவப்பைத் தொட்டதும் போட்டுவிடுங்கள். மிதவையில் ஓடும் முள் என்பதால் மேட்டிலும் சைடு ஸ்டாண்டிலும் அது சொல்வதை நம்பக் கூடாது. சமதளத்தில் வண்டியை நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.

ஃபுல் டேங்க் என்றால் மூடி வரைக்கும் என்று நம் ஊர் பங்குகளில் ஓர் எண்ணம். நாசிலைத் தூக்கிப் பிடித்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, நுரை அடங்கியதும் இன்னும் ஒரு சொட்டு என்று விளிம்பு வரை நிரப்பிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். மூடிக்குக் கீழே குழாய் போல இறங்கும் கழுத்து இருக்கிறதே, அதன் அடி விளிம்பைப் பெட்ரோல் தொட்டால் போதும். பெட்ரோல் சூட்டில் விரியும்: பத்து லிட்டர், 15 டிகிரி ஏறினால் சுமார் 140 மில்லி கூடும். வெயிலில் நிற்கும் வண்டியில் அந்த 140 மில்லி எங்காவது போயாக வேண்டும். பிஎஸ்6 வண்டியில் டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரி டப்பா உண்டு. ஆவிக்காக வைத்த டப்பாவில் பெட்ரோலே இறங்கினால் கரி ஊறிப்போகும். பிறகு ஃபுல் டேங்க் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணுவது, ஐடிலிங்கில் திணறுவது, பெட்ரோல் வாடை என்று வரிசையாக வரும்.

மூடியைத் திறந்ததும் இன்னொன்றையும் பாருங்கள். மூடி உட்காரும் பள்ளத்தில் ஊசித் துளை மாதிரி ஒன்று தெரியும். மழைத் தண்ணீரை ஒரு டியூப் வழியாகக் கீழே இறக்கிவிடுவது அது. மண்ணும் மெழுகும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். மூடியின் ரப்பர் கொஞ்சம் காய்ந்திருந்தாலும் போதும், உள்ளே இறங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் "பங்கில் தண்ணி கலந்துட்டான்" என்று கிளம்பும் புகார்களில் பங்கை நொந்துகொள்வதற்கு முன் இந்தத் துளையைப் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் நரம்பை விட்டுக் குத்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். கம்பி விட்டு டியூபைக் கிழித்துவிடாதீர்கள். இப்போது வரும் இ20 பெட்ரோலில், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்ததில், இது இன்னும் முக்கியம். எத்தனால் ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்.

அதே இ20-யால் மைலேஜும் கொஞ்சம் குறையும். எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் இறங்கும் என்று நிதி ஆயோக் 2021-லேயே சொல்லியிருந்தது. 65 கொடுத்த வண்டி 62, 63-க்கு வந்தால் மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதில்லை; 50-க்கு வந்தால் அது இ20-யின் வேலையில்லை. கூடுதல் விலைக்கு விற்கும் ஆக்டேன் கூடிய பெட்ரோலும் இந்த வண்டிக்குத் தேவையில்லை. ஆக்டேன் என்பது இன்ஜினுக்குள் கண்டபடி வெடித்து 'நாக்' அடிக்காமல் பெட்ரோல் தாங்கும் திறன், அதனால் கிலோமீட்டர் கூடாது.

மைலேஜ் பார்க்க இருநூறு ரூபாய்க்குப் போட்டு ஓடும் வரை ஓட்டுவது கணக்கே இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, கழுத்தின் அடி வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 350, 400 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்கில், அதே ஸ்டாண்டில், அதே மட்டத்துக்கு நிரப்பி, பில்லில் உள்ள லிட்டரால் வகுக்க வேண்டும். மட்டத்தில் 200 மில்லி பிசகினால் இரண்டு லிட்டருக்குப் பத்து சதவீதம் தவறு. ஆறு லிட்டருக்கு மூன்றுதான். பங்கின் அளவிலேயே சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், காட்டியாக வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் சட்டப்படி அனுமதி. நூறுக்குப் பதில் நூற்றுப் பத்துக்குப் போடுவது, விடியற்காலையில் போடுவது எல்லாம் வீண். தரைக்கடியில் உள்ள டேங்கின் சூடு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

மைலேஜ் திடீரென்று விழுந்தால் முதலில் சக்கரம். சென்டர் ஸ்டாண்டு, நியூட்ரல், பின் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு: தாராளமாகச் சுற்ற வேண்டும். பஞ்சர் ஒட்டியவர் பிரேக் ராடின் நட்டை ஒரு சுற்று அதிகமாக முடுக்கிவிடுவது அன்றாடம் நடப்பது. இந்த வண்டியில் ஐபிஎஸ் என்ற இணைந்த பிரேக் இருப்பதால் பின் பிரேக் பெடலை மிதித்தால் முன் டிரம்மும் சேர்ந்து பிடிக்கும். முன் கேபிள் தப்பாக வைத்திருந்தால் முன் சக்கரமும் உரசிக்கொண்டே ஓடும். டிரம் சூட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும். அடுத்து காற்று: தனியாக ஓட்ட முன்னே 25, பின்னே 28, ஆள் ஏற்றினால் பின்னே ஸ்டிக்கரில் போட்டபடி கூட்ட வேண்டும். செயின் மூடிய கவருக்குள் இருப்பதால் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் தூக்கினால் 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்க வேண்டும். விறைப்பாக இருப்பது தொய்வைவிட மோசம்.

இதெல்லாம் சரியாக இருந்து 80-இல் ஓட்டினால் பயனில்லை. 50-இல் போவதைவிட 80-இல் காற்றின் எதிர்ப்பு இரண்டரை மடங்கு. நாலாவது கியரில் 45 முதல் 55, இன்ஜின் முனகாமல், அலறாமல் ஓடும் வேகம் அது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் லாபமில்லை. கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டால் எஃப்ஐ வண்டிகள் பொதுவாகப் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்குத் தந்தாக வேண்டும்.

சிக்னல் அதிகமுள்ள ஊரில், நின்றதும் இன்ஜினைத் தானாக அணைத்து கிளட்ச் பிடித்ததும் ஸ்டார்ட் செய்யும் ஐ3எஸ் உண்மையாகவே உதவும், பேட்டரி நன்றாக இருக்கும் வரை. அன்றாட மைலேஜை மீட்டரிலேயே பார்க்க விரும்பினால் எக்ஸ்டெக் வாங்கலாம். அதற்காக மட்டும் கூடுதல் பணம் தேவையா என்றால், பேனாவும் பில்லும் போதும். தூரம் ஒன்றே குறி என்றால் 11 லிட்டர் டேங்கோடு வரும் பிளாட்டினா 100-ஐயும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் உதிரி பாகம் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கிடைப்பதில் ஸ்ப்ளெண்டர்தான் இன்னும் முன்னே நிற்கிறது.