வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸி: நல்ல சேவை, கிளினிக்தான் நெரிசல்

திருகோணமலையில் பிள்ளை பிறந்த பிறகு வீடு தேடி வரும் மிட்வைஃப் மிஸ்ஸிக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை, ஆனாலும் ஆறுதலாக இருந்து விளக்கினார். பால் கொடுக்கும் வரை அடுத்த கர்ப்பம் தங்காது என்று அம்மம்மாமார் சொல்வது பாதி சரிதான். பிள்ளைக்கு 6 மாதம் ஆகக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, தண்ணீர், பால்மா எதுவும் சேராமல் தாய்ப்பால் மட்டும், அதுவும் பகலில் 4 மணித்தியாலம், இரவில் 6 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விடாமல். மூன்றும் பொருந்தினால் 98 வீதம் பாதுகாப்பு, ஒன்று தவறினாலும் உடனே வேறு கருத்தடை முறை. ஆணுறை அவரிடமே வாங்கலாம்.

கிளினிக் நாளில் கைக்குழந்தையோடு வெயிலில் நிற்க வைப்பதுதான் சரியில்லை, கதிரையும் போதாது. அப்புறம், மிஸ்ஸி வரும்போது மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள், சீனித்தண்ணி பருக்கச் சொல்வது அவர்தானே.