தேர்வாளர் குழுவா, நாடு தழுவிய மொத்த வாக்கா?

அமெரிக்க அதிபரை இன்று தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு; பெரும்பாலான மாநிலங்களில் அங்கே அதிக வாக்கு வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் போகும். 270 பேர் கிடைத்தால் வெற்றி. 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் டிரம்ப்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்கு வாங்கியும் தோற்றார். அதனால் மொத்த வாக்கை எண்ணி, அதிகம் பெற்றவரை அதிபராக்குவோம் என்கிறார்கள் ஜனநாயகக் கட்சியினர் பலர்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புஷ்ஷும் அல் கோரும் மோதிய 2000 அதிபர் தேர்தலை நினைத்துப் பாருங்கள். புளோரிடாவில் அதிகாரிகள் துளையிட்ட வாக்குச்சீட்டை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை முழுதாக விழுந்திருக்கிறதா, காகிதத் துணுக்கு தொங்குகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அந்த மாநிலத்தில் இருவருக்கும் வித்தியாசம் 537 வாக்கு. அந்தச் சண்டை ஒரே மாநிலத்துக்குள் அடங்கியதே தேர்வாளர் குழுவால்தான். மொத்த வாக்கு முறையில் இழுபறி வந்தால் 50 மாநிலங்களிலும் மறு எண்ணிக்கை கேட்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம், வேறு வழக்கு. நாடு தாங்காது.

கூட்டாட்சி என்ற அடிப்படையும் இருக்கிறது. வயோமிங் போன்ற சின்ன மாநிலத்துக்கும் 3 தேர்வாளர்கள் உறுதி. பழைமைவாதிகள் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஒரு குறையை மட்டும் மறைக்க முடியாது. 2020-இல் டிரம்ப்புக்கு டெக்சாஸைவிடக் கலிபோர்னியாவில்தான் அதிக வாக்கு விழுந்தது: சுமார் 60 லட்சம். அதற்கு ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. இதற்கு மருந்து, மெய்ன், நெப்ராஸ்கா மாநிலங்களைப் போலத் தேர்வாளர்களைத் தொகுதிவாரியாகப் பிரிப்பது. மாநிலச் சட்டமன்றமே அதைச் செய்துகொள்ளலாம். அரசியல் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை.