ஓடிடி போர்ப்படங்களுக்குச் சலுகை மதிப்பெண் எதற்கு?

“ஓடிடி படம்தானே, இந்த அளவுக்கு எடுத்திருப்பதே பெரிய விஷயம்.” போர்ப்படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கோவையில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டப் போர்ப்படத்தைவிட நல்ல சரக்கு கிடையாது என்பதால், சில படங்களின் சில காட்சிகள் எனக்கு மனப்பாடம். டிக்கெட் வாங்கிப் பார்த்தாலும் மாதச் சந்தாவில் பார்த்தாலும் படத்துக்கு அளவுகோல் ஒன்றுதான் என்பது என் கட்சி. படத்தை நம் கண்ணுக்கும் காதுக்கும் கொண்டுவந்து சேர்க்கிற வேலைக்கு வேண்டுமானால் தனியாக மதிப்பெண் போடுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால்தான் குழப்பம்.

நெட்ஃபிளிக்ஸில் 2022 அக்டோபரில் வந்த ‘ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப்போரைப் பற்றிய ரெமார்க்கின் நாவலை 1930-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் படமாக்கினார்; அது சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. எட்வர்ட் பெர்கர் எடுத்த இந்த ஜெர்மன் படம் ஒன்பது பரிந்துரைகள் பெற்று நான்கை வென்றது. விருதை விடுங்கள், தொடக்கத்தைப் பாருங்கள். ஹைன்ரிக் என்ற சிப்பாய் ஒரு தாக்குதலில் சாகிறான். படம் அவனை விட்டுவிட்டு அவன் உடையைப் பின்தொடர்கிறது. பிணங்களிலிருந்து கழற்றிய சீருடைகள் மூட்டை மூட்டையாகப் போகின்றன. தொட்டியில் வெளுக்கும்போது தண்ணீர் சிவக்கிறது. வரிசையாக உட்கார்ந்த பெண்கள் தையல் இயந்திரத்தில் ஓட்டைகளை அடைக்கிறார்கள். அந்த உடை, போருக்குப் போகத் துடிக்கும் பால் என்ற மாணவனின் கைக்கு வருகிறது. அதில் வேறொருவன் பெயர் இருப்பதைக் கண்டு அவன் திருப்பி நீட்டுகிறான். அந்தப் பெயர்க்காரனுக்கு அளவு சின்னதாக இருந்திருக்கும் என்று சொல்லி, பெயர்த் துணியைப் பிய்த்துவிட்டு உடையைக் கொடுத்தனுப்புகிறார் அதிகாரி. இதற்குப் பெரிய திரையா சின்னத் திரையா என்ற கேள்வியே எழவில்லை. எதில் பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

டாங்கிகள் வரும் காட்சி அப்படி அல்ல. பதுங்குகுழியில் எலிகள் கூட்டமாகத் தப்பி ஓடும். பிறகு தரை அதிரும். அதற்கும் பிறகுதான் புகைக்குள்ளிருந்து இரும்பு உருவங்கள் தெரியும். அந்த அதிர்வு மிகத் தாழ்ந்த ஒலி. தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் இல்லாத டிவியில் அது வரவே வராது. எலிகள் ஏன் ஓடுகின்றன என்று கண் கேட்கும், காதில் பதில் இருக்காது. இங்கே குறை படத்துடையதா? இல்லை. ஆனாலும் “டாங்கிக் காட்சி சப்பென்று இருக்கிறது” என்று எழுதுபவர்கள் எதில் பார்த்தோம் என்பதை எழுதுவதே இல்லை.

நேர்மாறாகவும் நடக்கும். குண்டு விழுந்த பள்ளத்தில் பால் ஒரு பிரெஞ்சு வீரனைக் கத்தியால் குத்துகிறான். அவன் உடனே சாகவில்லை. தொண்டையில் மூச்சு கரகரக்கும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. அதை அடக்க அவன் வாயில் சேற்றை அள்ளித் திணிக்கும் பால், சற்று நேரத்தில் அதே கையால் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறான். இரவில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இதைப் பார்த்தேன். தியேட்டர் என்றால் ஒருவர் இருமுவார், முன்வரிசையில் ஒரு கைப்பேசி ஒளிரும். அந்த மூச்சிலிருந்து தப்பிக்க ஏதாவது வழி இருக்கும். வீட்டில் இல்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் பால் சாகும் நாளில் போர்முனை அமைதியாக இருக்கிறது. ராணுவ அறிக்கையில் சொல்ல எதுவும் இல்லை. தலைப்பின் குத்தலே அதுதான். பெர்கரோ போர்நிறுத்தத்துக்குச் சற்றுமுன் ஒரு வெறிபிடித்த தளபதியைக் கொண்டு கடைசித் தாக்குதலை நடத்தி, நிமிடக் கணக்கில் பதற்றம் கூட்டுகிறார். இடையிடையே ரயில் பெட்டியில் ஜெர்மன் அரசியல்வாதி எர்ஸ்பெர்கர் நடத்தும் சமாதானப் பேச்சு வேறு. நாவலின் கோபம் ஒரு வில்லன் தலையில் இறக்கி வைக்கப்பட்டுவிடுகிறது. தியேட்டர் படமாக இருந்தால் இதைக் கேட்காமல் விடுவோமா? பிறகு இதற்கு மட்டும் ஏன் விலக்கு?

தொழில் விஷயம் கொஞ்சம். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் படத்துக்கு நொடிக்கு 250 மெகாபிட் வரை இடம் உண்டு. வீட்டில் 4கே பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 15 மெகாபிட். படத் தரவைச் சுருக்கும் முறைகள் வேறு என்பதால் இரு எண்களையும் அப்படியே எதிரெதிரே வைப்பது நியாயமில்லை. ஆனாலும் புகை, பனி, மழை, கடல்நுரை ஆகியவைதான் சுருக்கத்துக்குப் பரம எதிரிகள். போர்ப்படத்தில் வேறென்ன இருக்கிறது?

ஒலியிலும் இதே கதை. தியேட்டரில் 85 டெசிபெல் நியமத்துக்கு ஸ்பீக்கர்களைப் பொருத்துவார்கள். வீட்டுக்கு வரும் ஒலிக்கலவைக்கு விதி வேறு. தன்னிடம் வரும் படங்களில் வசனத்தின் சராசரி உரப்பு மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். கூடத்துச் சோபாவை மனதில் வைத்த கணக்கு அது. அப்படியும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, குண்டு விழுவது தெருமுனை வரை கேட்கிறது, கேப்டன் பேசுவது எனக்கே கேட்கவில்லை” என்றார். “சார், உங்கள் டிவியின் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது” என்றேன். வசனத்துக்கென்றே நடுவில் வைக்கும் ஒரு சென்டர் ஸ்பீக்கரில் பிரச்சினை தீர்ந்தது. அவர் டிவியில், அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்காமல் பார்த்துவிட்டுப் படம் சீரியல்போல இருக்கிறது என்று சொன்னால் ஒளிப்பதிவாளர் என்ன செய்வார், பாவம்.

‘கிரேஹவுண்ட்’ தியேட்டருக்காகவே எடுக்கப்பட்டது. 2020-இல் கொரோனா வந்ததால் சோனி அதை ஆப்பிளுக்கு விற்றது. ஆப்பிள் ஒரிஜினல் என்ற முத்திரை படம் முடிந்த பிறகு குத்தப்பட்டது. ஆகவே ‘ஓடிடி ஒரிஜினல்’ என்பது யார் விலைகொடுத்தார்கள் என்ற தகவல் மட்டுமே. திரைக்கதை டாம் ஹாங்க்ஸ் எழுதியது; 91 நிமிடம்; இரண்டாம் உலகப்போரில், அட்லாண்டிக்கில் விமானப் பாதுகாப்பு எட்டாத பகுதியில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் வேட்டை. கேப்டனுக்குச் சாப்பாடு வருகிறது, தொடாமல் திரும்புகிறது, மறுபடி வருகிறது. நின்று நின்று பாதத்தில் ரத்தம் கசிய, காலணியைக் கழற்றிச் செருப்புக்கு மாறுகிறார். வீரவசனம் எதுவும் தராத மரியாதையை இந்தச் சின்ன விஷயங்கள் அவருக்குத் தந்துவிடுகின்றன. ஆனால் கணினியில் உருவாக்கிய கடல் பல இடங்களில் கடலாகவே இல்லை. சின்னத் திரை அதை ஓரளவு மறைத்துவிடுகிறது. அந்தப் புண்ணியத்தைப் படத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

கார்கிலில் இறந்த விக்ரம் பத்ராவைப் பற்றிய ‘ஷேர்ஷா’வும் 2021-இல் இதே காரணத்தால் அமேசான் பிரைமுக்கு வந்த படம். இயக்கியவர் ‘பில்லா’ எடுத்த நம் விஷ்ணுவர்தன். மலையேறும் சண்டைக் காட்சிகளில் ஏற்றத்தின் மூச்சுவாங்கல் தெரிகிறது. அதற்கு முன் நீளும் காதல் பகுதியில் நான் இரண்டு முறை கைப்பேசியை எடுத்தேன். விக்ரமின் இரட்டைச் சகோதரர் பேச்சு மேடையில் நின்று எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருப்பதும் தேவையில்லை.

தொலைக்காட்சி வடிவத்துக்கு ஒப்புக்கொண்ட படம் தொலைக்காட்சிப் படம்தான், அதற்கு எம்மி கொடுக்கலாம், ஆஸ்கர் கூடாது என்ற பொருளில் 2018-இல் ஸ்பீல்பெர்க் பேசினார். பெரிய மனிதர், இருந்தாலும் 2015-இல் வந்த ‘பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன்’ படத்தை அந்த வாதத்தின் முன் வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் நெட்ஃபிளிக்ஸிலும் வருகிறது என்பதற்காக அமெரிக்காவின் நான்கு பெரிய தியேட்டர் நிறுவனங்கள் அதைத் திரையிட மறுத்தன. கானாவில் எடுத்த படம். துப்பாக்கி கொடுக்கப்பட்ட சிறுவன் அகுவாக ஆப்ரஹாம் அட்டா, அவனைப் பிடித்து வளர்க்கும் தளபதியாக இட்ரிஸ் எல்பா. அட்டாவுக்கு வெனிஸில் இளம் நடிகருக்கான விருது கிடைத்தது. இதை நான் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ஸ்பீக்கரை விற்க உதவாத படம்.

பார்க்க நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். அடுத்து பெர்கரின் படம், ஜெர்மன் ஒலியிலேயே, ஆங்கில டப்பிங் வேண்டாம். ‘கிரேஹவுண்ட்’ ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுகூடப் போடலாம், தூக்கம் வராது. ‘ஷேர்ஷா’வில் கார்கில் வரும் வரை கை ரிமோட்டைத் தேடினால் தடுக்க வேண்டாம்.