கரண்டியா, கடிகாரமா, காலணியா?

மொரீஷியஸில் யாராவது "கி மான்யேர்?" என்று நலம் விசாரித்தால், "கோரெக்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதுதான் மரியாதை. மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம் வந்த இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் சொன்ன பொய்களில் பெரும்பகுதி அந்த ஒற்றைச் சொல்தான். வலியையாவது விரல் வீக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அயர்ச்சிக்கு அடையாளமே கிடையாது. எங்கள் ஊரான காத்ர் போர்னில் என்னைப் பார்ப்பவர்களுக்கு நான் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியை, கொஞ்சம் சோம்பேறி. அவ்வளவுதான்.

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் விடாத இந்த அயர்ச்சிக்கு மூன்று வழிகளைப் பழகிப் பார்த்திருக்கிறேன். எந்த வழிக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றுமே ஆளைச் சாய்ப்பவை. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் தீவு இது. அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் காசும் கேட்பதில்லை. எனக்கு இரும்புச்சத்துக் குறைந்திருந்தது. அது தெரியாமல் ஓராண்டு முழுக்க மூட்டுகளையே திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வழி கரண்டிக் கணக்கு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூப்பஸ் நோயுள்ள கிறிஸ்டின் மிசெரண்டினோ என்ற அமெரிக்கப் பெண், தன் நிலையைத் தோழிக்குப் புரியவைக்க உணவகத்தில் கைக்கு அகப்பட்ட கரண்டிகளையெல்லாம் அள்ளிக் கொடுத்தாராம். 2003இல் அவர் எழுதிய பிறகு இது உலகெங்கும் பரவியது. காலையில் கையில் பன்னிரண்டு கரண்டி. குளித்தால் ஒன்று போயிற்று, சமைத்தால் இரண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போனால் இன்னொன்று. தீர்ந்தால் அன்றைய பொழுது முடிந்தது. நாளைய கரண்டியை இன்றே கடன் வாங்கலாம், ஆனால் வட்டி கடுமை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். எண்ணிக் காட்டவில்லை, அதுதான் வித்தியாசம்.

பிறருக்கு விளக்க இதை மிஞ்சியது இல்லை. ஆறு ஆண்டுகளாக என் முகத்தை வைத்தே என் உடம்பை எடைபோட்ட மாமியாருக்கு, சமையலறை மேடையில் கரண்டிகளை அடுக்கிக் காட்டிய பத்து நிமிடத்தில் விளங்கியது. எனக்கு நானே வைத்துக்கொள்ளும் கணக்காகத்தான் இது கவிழ்ந்தது. காலையில் எத்தனை கரண்டி இருக்கிறது என்பது வெறும் ஊகம். பிப்ரவரிப் புழுக்கத்தில் குளியலுக்கு ஒன்று. மூட்டு இறுகிப்போன ஜூலைக் காலையில் அதே குளியலுக்கு மூன்று. போதாததற்கு நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணுவதற்கே ஒரு கரண்டி செலவாகிறது.

இரண்டாவது வழி கடிகாரம். மருத்துவமனையில் என் கைகளுக்குப் பயிற்சி கொடுத்த அம்மையார் சொல்லித் தந்தது. களைத்த பிறகு ஓய்வெடுக்காதே, களைப்பதற்கு முன்பே எடு என்பதுதான் மொத்தப் பாடமும். கேட்பதற்கு எளிது. செய்யப் போனால் அவமானமாக இருக்கிறது. தெம்பு இருக்கும்போதே படுத்துக்கொள்பவளை எந்த வீடு மதிக்கும்? நல்ல நாளில் ஓடியாடி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் சுருண்டு கிடப்பதுதான் அதற்கு முன் என் வழக்கம்.

அளவை நல்ல நாளிலிருந்து எடுக்கக் கூடாது, மோசமான நாளிலிருந்து எடுக்க வேண்டும் என்றார் அவர். என் மோசமான நாளில் நோட்டுத் திருத்த இருபது நிமிடம்தான் தாங்கும். ஆகவே எந்த நாளிலும் இருபது நிமிடம், பிறகு அலாரம், பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடிச் சாய்வு. கைப்பேசி பார்ப்பது ஓய்வில் சேராது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் விசேஷத்துக்கு முன்பெல்லாம் விடியற்காலை நான்கு மணிக்கே நின்று நறுக்குவேன். இப்போது முந்திய நாள் மாலையே, நாற்காலியில் உட்கார்ந்து, பாதிக் காய்களை முடித்துவிடுகிறேன். பெரிய பூசணி மட்டும் என் மணிக்கட்டுக்கு அடங்குவதில்லை. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒரு முறைதான் விழுங்க வேண்டும். மறுநாள் உடம்பு துவளும். மருத்துவரைக் கேட்டு அதை வெள்ளி இரவுக்கு மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமைச் சந்தை கணவர் பொறுப்பாகிவிட்டது. அவருக்கு முருங்கைக்காயில் முற்றலும் பிஞ்சும் ஒன்றுதான், சகித்துக்கொள்கிறோம்.

கடிகாரத்தின் குறை, அது வகுப்பறையில் செல்லாது என்பதுதான். முப்பது பிள்ளைகளிடம் அலாரம் அடித்துவிட்டது, பத்து நிமிடம் சும்மா இருங்கள் என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்தபடியே பாடம் நடத்தக் கற்றுக்கொண்டதோடு சரி.

மூன்றாவது வழி காலணி, அதாவது நடை. களைத்தவளை நடக்கச் சொன்னால் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களில் ஓரளவு அயர்ச்சியைக் குறைப்பதாக ஆய்வுகளில் தேறியவற்றுள் உடற்பயிற்சியும் ஒன்று. ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான யூலாரின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் நோயாளிக்குத் தகுந்த உடற்பயிற்சியை ஊக்குவிக்கின்றன. வெயில் தாழ்ந்த பிறகு கோர் த கார்ட் மலையைப் பார்த்தபடி பத்து நிமிடத்தில் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் முன்னைவிட மோசம். ஏழாம் வாரம்தான் மாலைநேரச் சரிவு தள்ளிப்போவது தெரிந்தது.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. நாட்பட்ட அயர்ச்சி நோய் என்றே பெயர் பெற்ற எம்.இ. நோய் வேறு. சிறு உழைப்புக்குக்கூட ஓரிரு நாள் கழித்து உடம்பு மொத்தமாக முறிந்துவிழுவது அதன் குணம். படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை அவர்களுக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் கூறிவிட்டது. கோவிட்டுக்குப் பிறகு அப்படி முறிந்துவிழுபவர்களும் என் பேச்சைக் கேட்டு நடக்கக் கிளம்ப வேண்டாம். அவர்களுக்குக் கடிகாரமே துணை.

தேநீரையும் நான்காவது வழியாகச் சொல்வார்கள். மாலை ஐந்து மணிக்குக் குடித்த வனிலா தேநீரின் கஃபீனில் பாதியளவு இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். இரவுத் தூக்கத்தை அடகு வைத்து வாங்கும் தெம்பு அது.

மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கடிகாரத்தைத்தான் எடுப்பேன். காலணி தரும் பலன் பெரிது. ஆனால் மூட்டு வீங்கிய வாரத்தில் அது வாசலிலேயே கிடக்கும். கடிகாரம் மோசமான நாளிலும் ஓடும். கரண்டியை மாமியாரிடமே விட்டுவிட்டேன். அவர் இப்போது தொலைபேசியில் "கி மான்யேர்?" என்று கேட்பதில்லை, "எத்தனை கரண்டி?" என்கிறார். போன வாரம் மூன்று என்றேன். மறுநாள் காலை பூசணிக்காயை நறுக்கி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.