சொத்து வரி கட்டும் சேவை: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

ரவுண்டானாவுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பழைய வரி ரசீதோடுதான் வருவார்கள். வரிவிதிப்பு எண்ணைத் தட்டி, தொகையைச் சொல்லி, கட்டி, ரசீதை பிரிண்ட் எடுத்துக் கொடுக்க இருபது ரூபாய் வாங்குகிறேன். ஆகவே இந்தச் சேவையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. கூடவே ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: இணையதளம் ஒழுங்காக வேலை செய்தால் என் வருமானம் குறையும். அந்தக் கணக்கையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

ஊர் கொங்குப் பக்கம். பெயர் வேண்டாம். நகராட்சியாக இருந்து மாநகராட்சி ஆனது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. என் மாமனார் காலத்தில் வரி கட்டுவது அரைநாள் வேலை. அலுவலகத்தில் கவுண்ட்டர் பத்தரைக்குத் திறக்கும், சில்லறை இல்லை என்பார்கள், சாப்பாட்டு நேரம் வந்துவிடும். இப்போது யுபிஐயில் இரண்டு நிமிடம். பழைய ரசீது தொலைந்துபோனாலும் எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கடனுக்கோ மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கோ வரி ரசீது கேட்டால் முன்பு மாதிரி பீரோவைக் கவிழ்க்க வேண்டியதில்லை. அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 30-க்குள், கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதுவும் உண்மையாகவே கழித்துத்தான் காட்டுகிறது. ஒரு நட்சத்திரத்தை இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

இனி விலை. என் மாமனார் ரசீதுகளை ஒரு மஞ்சப்பையில் சேர்த்து வைத்திருக்கிறார். எங்கள் வீடு 1,100 சதுர அடி. 2018 வரை அரையாண்டுக்கு 1,240 ரூபாய். அந்த வருடம் ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம் உயர்த்தினார்கள், 1,860 ஆனது. மறு வருடம் நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் ஈடு செய்வோம் என்றார்கள். ஈடு செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். மறுபடி 1,240. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில் முடிந்தது. ஏப்ரலில் அடுத்த உயர்வு வந்தது. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. (சென்னையின் பழைய பகுதிகளில் இன்னும் அதிகம், 150 சதவீதம் வரை போனது.) எங்களுக்கு 50 என்பதால் அதே 1,860. மாமனார் 2018 ரசீதையும் 2022 ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைத்தான வேண்டாம்னு திருப்பிக் குடுத்தாங்க?" என்றார். 2024 அக்டோபரில் இன்னொரு 6 சதவீதம். இப்போது 1,972.

எங்கள் பாடு பரவாயில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியார் வீடு, போர்ட்டிகோவையும் மாடிப்படி அறையையும் சேர்த்து 1,215 சதுர அடி. பதினைந்து அடியால் 50 என்பது 75 ஆகிவிட்டது. அவர் மூன்று தரம் மறு அளவைக்கு மனு கொடுத்தார். என் கடையில்தான் டைப் செய்தது. ஒரு தடவை டேப்போடு ஆள் வந்து அளந்து, 1,218 என்று எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வாத்தியார் மனு கொடுப்பதில்லை.

கடைகளுக்கு 2022-ல் 100 சதவீதம். நான் வாடகைக்கு இருப்பவள், வரி ஓனர் கட்டுகிறார் என்று சும்மா இருந்தேன். அவருக்கு மாதக் கணக்கில் பார்த்தால் முந்நூறு ரூபாய் சொச்சம் கூடியிருக்கும். எனக்கு வாடகையில் ஆயிரம் கூடியது. "வரி ஏறிப்போச்சும்மா" என்றார். வீடு இல்லாதவனுக்கு வீட்டு வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏன் உயர்த்தினார்கள் என்பதற்கு அரசு சொன்ன காரணம் பொய்யில்லை. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் இந்த வரி நிலையாக உயரவே இல்லை. பெட்ரோல் விலையும் தூய்மைப் பணியாளர் கூலியும் அப்படி நின்றுவிடவில்லை. அதோடு மத்திய அரசின் 15-வது நிதிக்குழு, மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் கூட்டினால்தான் மத்திய மானியம் என்று நிபந்தனை போட்டது. சரி. உயர்த்தியே ஆக வேண்டும் என்றால் உயர்த்தட்டும். காசு கொடுத்து வாங்கும் பொருள் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற உரிமை எனக்கு உண்டல்லவா?

பொருளைப் பார்ப்போம். எங்கள் தெருவில் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, ரோடு. விளக்கு எரிகிறது, புகார் சொன்னால் மூன்று நாளில் மாற்றுகிறார்கள். குப்பை எடுக்க பேட்டரி வண்டி வாரம் நான்கு நாள் வருகிறது. வண்டி ஓட்டும் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தக் கூலி இரண்டு மாதம் தள்ளிப்போனபோதும் அவர் வந்தார். குப்பைக் கட்டணம் வரியோடு தனியாக வாங்குகிறார்கள், அது அவர் கைக்குப் போகிறதா என்று தெரியவில்லை.

சாக்கடையில் போன தீபாவளிக்குத் தூர்வாரினார்கள். வாரிய சேற்றைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அது உள்ளே போய்விட்டது.

ரோடு விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது. 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போகக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அந்தச் செய்தியை வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு ஒரு தடவை ரோடு போட்டார்கள், பழையதன் மேலேயே. மாமனார் 1987-ல் கட்டியபோது வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். கோடைமழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது. தெருக்கோடியில் ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கிவிட்டார். எங்களிடம் அவ்வளவு பணமில்லை, வாசலில் ஒரு திட்டு கட்டியிருக்கிறோம், இருட்டில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வீடு ஒவ்வொரு வருடமும் தாழ்கிறது, வரி போட அடிப்படையாக எடுக்கும் அதன் ஆண்டு வாடகை மதிப்பு மட்டும் ஏறுகிறது. இந்தப் பொருளில் இது உற்பத்திக் குறைபாடு.

இப்போது நீரூற்று.

என் கடையிலிருந்து நேராகத் தெரியும். ரவுண்டானா நடுவில் முன்பு ஒரு வேப்பமரமும் ஒரு தண்ணீர்ப் பந்தலும் இருந்தன. மரத்தை எடுத்துவிட்டு வட்டமாகத் தொட்டி கட்டி, கலர் விளக்கு போட்டு, ஊர்ப்பெயரை ஸ்டீல் எழுத்தில் ஆளுயரத்துக்கு நிறுத்தினார்கள். செல்ஃபி எடுக்கவாம். நான்கு பக்கமும் லாரி போகிற இடத்தில் யார் நின்று செல்ஃபி எடுப்பது என்று கேட்காதீர்கள். திறப்பு விழாவன்று தண்ணீர் பன்னிரண்டு அடிக்குப் போனது, என் பெண் கைதட்டினாள். நான் கணக்கு வைத்திருக்கிறேன், மொத்தம் பதினோரு நாள் ஓடியது. பிறகு மோட்டார் நின்றது. தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கி, டெங்கு என்று சொல்லி, மாநகராட்சி ஆட்களே வந்து கொசு மருந்து அடித்தார்கள். அவர்கள் கட்டிய தொட்டியில் அவர்களே மருந்து அடித்ததை என் கடையில் டீ குடித்தபடி நாலு பேர் பார்த்தோம், யாரும் சிரிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் வார்டுகளுக்குப் பகுதி சபை வந்தது, கிராம சபை மாதிரி. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. அதற்கப்புறம் எங்கள் வார்டில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நான் போனேன். முப்பது நாற்காலி, பதினெட்டுப் பேர், அதில் பாதி கட்சிக்காரர்கள். சாக்கடைக்கு மூடி கேட்டேன். "நிதி இல்லீங்க்கா" என்றார் கவுன்சிலர். நல்ல பையன், என் கடையில்தான் பள்ளிக்கூடப் படிப்புக்கு ஜெராக்ஸ் எடுத்தவர். அப்போ நீரூற்றுக்கு எங்கேயிருந்து நிதி வந்தது என்றேன். "அது வேற நிதிங்க்கா. இதுல எடுத்து அதுல போட முடியாது."

இந்த "வேற நிதி"யைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முப்பது நாளில் வர வேண்டிய பதில் மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு. அதில் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். கவுன்சிலர் சொன்னது உண்மை. கட்டுவதற்கான காசு ஒரு திட்டத்தின் கீழ் மேலிருந்து வந்தது. அழகுபடுத்துதல் என்ற தலைப்பில் வந்ததை சாக்கடை மூடிக்கு எடுக்க முடியாது. செலவு செய்யாவிட்டால் திரும்பிப் போய்விடும், அதனால் மார்ச்சுக்குள் எதையாவது கட்டியாக வேண்டும். கட்டி முடித்ததும் திட்டம் கையைக் கழுவிவிடும். மோட்டார் ரிப்பேர், மின் கட்டணம், கொசு மருந்து, தொட்டியைச் சுத்தம் செய்யும் ஆள் எல்லாம் மாநகராட்சியின் பொது நிதியில். பொது நிதி என்றால் என் 1,972-ம் வாத்தியாரின் பதினைந்து அடியும் போகிற இடம். வேற நிதியில் பிறந்த குழந்தைக்கு நாங்கள் பால் வாங்குகிறோம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015-ல் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்தது. தமிழ்நாட்டில் 11 நகரங்கள். அவற்றில் எத்தனையோ இடங்களில் பளபள நடைபாதைகளை இப்போது பராமரிக்க வேண்டியது அந்தந்த மாநகராட்சிகள்தான். இன்னொரு பக்கம் மதுரை. அங்கே அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் பதிந்தார்கள் என்ற வழக்கில் கைதுகள் நடந்தன, 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் என் கடையில் வரி கட்டிய ஒரு பாட்டி, 412 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். "ஏங் கண்ணு, போன தடவை இத்தனை இல்லியே?" என்றார். இருபது ரூபாயை நான் வாங்கவில்லை.

இணையதளத்தின் குறைகளையும் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. ஏப்ரல் 28, 29, 30 மூன்று நாளும் திறக்காது. திறந்தாலும் பணம் போகும், ரசீது வராது. ஒரு வாரத்தில் பணம் திரும்பி வரும், அதற்குள் தள்ளுபடி நாள் முடிந்திருக்கும். போன ஏப்ரலில் எனக்கே இப்படி ஆகி 98 ரூபாய் போனது. நேரில் போய்க் கேட்டேன் (பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் அந்தச் செலவு மிச்சம்). "சர்வர் எங்ககிட்ட இல்லீங்க" என்றார்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி போடும்போது மட்டும் அதே சர்வர் ஒரு நாளும் படுத்ததில்லை. பெயர் மாற்றம் செய்யப் போகிறவர்கள் கையில் வாரிசுச் சான்று, பத்திர நகல், பழைய ரசீது மூன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாகச் சேர்த்தால் ஏற்றாது.

கட்டுகிறவர்களுக்கு என் யோசனை: மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே, காலை ஏழு மணிக்கு முன்னால் கட்டுங்கள். வரிவிதிப்பு எண்ணைப் பழைய ரசீதில் சரிபாருங்கள், பக்கத்து வீட்டு வரியைக் கட்டிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். சதுர அடியையும் பாருங்கள். பணம் போன திரையைப் படம் எடுத்து வையுங்கள். பகுதி சபை எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், நாற்காலி எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது நட்சத்திரம் பேட்டரி வண்டி அம்மாவுக்கு. அவருக்கென்று தனியாகக் கொடுக்க வழி இருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.

நேற்று நீரூற்றைச் சுற்றி நான்கு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மோட்டார் மாற்றப் போகிறீர்களா என்று கடையிலிருந்து குரல் கொடுத்தேன். இல்லையாம், சுற்றிலும் கிரானைட் பதிக்கப் போகிறார்களாம். எஸ்டிமேட்டை என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள், மூன்று காப்பி.