பழைய காருக்கு எலக்ட்ரிக் மீட்டர் மாட்டப் போகிறவர்கள் கவனத்திற்கு: என் ₹18,500 போய்விட்டது

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள், டேஷ்போர்டில் புதிதாக எலக்ட்ரிக் மீட்டர் மாட்டும் எண்ணத்தில் இருந்தால், கையிலிருந்து பணம் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆயில் பிரஷர், தண்ணீர் சூடு, வோல்ட் ஆகிய மூன்றையும் காட்டும் செட்டுக்கும் மாட்டுகூலிக்கும் சேர்த்து என்னிடம் ₹18,500 வாங்கிக்கொண்டு, இன்னொரு வகை மீட்டருக்கான சென்சாரை (எஞ்சினில் ஆயில் அழுத்தத்தை உணர்ந்து வயர் வழியாக மீட்டருக்குச் சொல்லும் பாகம்) எஞ்சினில் திணித்து, ஃபியூஸ் இல்லாத வயரை டேஷ்போர்டுக்குள் விட்டு அனுப்பியிருக்கிறார்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள கான்டெஸா கிளாசிக். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரை அடிப்படையாகக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் தயாரித்த, இந்தியாவின் மசில் கார் என்று இன்றும் பலர் அன்போடு சொல்லும் வண்டி அது. என் தந்தை வாங்கி ஓட்டியது. அதன் பழைய மீட்டர்களின் முட்கள் நாளாக நாளாக நம்பத் தகாதவையாகிவிட்டன. இந்த வயதில் ஆயில் பிரஷரும் சூடும் சரியாகத் தெரியாமல் அந்த எஞ்சினை நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புதுச்சேரி நகருக்குள் இருக்கும், கார் அலங்காரப் பொருள்களும் வயரிங் வேலையும் சேர்த்துச் செய்யும் கடை என்பது போதும். உரிமையாளர் போனட்டைத் திறந்ததுமே எஞ்சினின் பெயரைச் சொன்னார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “உங்க அப்பா வண்டிய எப்படி வச்சிருந்திருக்கார் பாருங்க சார், இதுல நான் கண்டதையும் மாட்ட மாட்டேன்” என்றார். செப்புக் குழாய் வழியாகச் சூடான ஆயிலையே காருக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் வகை வேண்டாம், குழாய் விட்டுப்போனால் ஆயில் காலில் கொட்டும், எலக்ட்ரிக் வகையில் ஆயில் எஞ்சினிலேயே நின்றுவிடும், உள்ளே வருவது வயர் மட்டும்தான் என்று அவர் விளக்கியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்கு இன்று வயிறு எரிவதற்குக் காரணமே அதுதான். விஷயம் தெரியாதவர் செய்த வேலை இல்லை இது. எது சரி என்று நன்றாகத் தெரிந்தவர், அதைச் சொல்லியே என் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு, நேர்மாறாகச் செய்திருக்கிறார்.

₹10,000 முன்பணமாகவும் மீதி ₹8,500 வண்டியை எடுக்கும்போதும் கொடுத்தேன். எஞ்சினை ஓடவிட்ட நிலையில்தான் வண்டியைக் காட்டினார்கள். மூன்று முட்களும் நடுவில் அழகாக நின்றன. மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும், எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் செய்யாத நிலையில், ஆயில் பிரஷர் முள் விறுவிறுவென்று ஏறி வலது கோடியில் போய் முட்டி நின்றது. ஸ்டார்ட் செய்ததும் இறங்கியது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் இறங்கியது. அழுத்தமே இல்லாதபோது முழு அழுத்தம், அழுத்தம் கூடும்போது குறைவு என்று தலைகீழாகக் காட்டும் கருவியை ₹18,500 கொடுத்து வாங்கியிருக்கிறேன்!

உடனே போன் செய்தேன். “புது மீட்டர் சார், முள்ளு செட்டாக ரெண்டு நாள் ஆகும்” என்றார். பிறகு, “பழைய வண்டி, பாடி எர்த் சரியில்ல” என்றார். நேரில் போனால் மாஸ்டர் ஊருக்குப் போயிருப்பதாகக் கடைப் பையன் சொன்னான். அடுத்த முறை அதே உரிமையாளர் என் முகத்தைப் பார்க்காமல், கரண்டைச் சீராக்க ஒரு ஸ்டெபிலைசர் போட வேண்டும், அதற்குத் தனியாக ₹3,000 ஆகும் என்றார். அடுக்காத பேச்சு இது. பழைய பிரிட்டிஷ் வழிக் கார்களில் பேட்டரி மின்சாரத்தை ஏறத்தாழ 10 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஸ்டெபிலைசர் அந்தக் காலத்து மீட்டர்களுக்காக வைக்கப்பட்டது. இவர் விற்ற வகைக்கு நேராக 12 வோல்ட்டே வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்ததாக நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை.

இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு மாலை கடலூருக்குக் கிளம்பியபோது, அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வண்டியை ஓரங்கட்டி பேட்டரி டெர்மினலைக் கழற்றியதால்தான் கார் மிஞ்சியது. மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் டேஷ்போர்டைப் பிரித்துக் காட்டியதும் கை நடுங்கிவிட்டது. மீட்டருக்கான சிவப்பு வயரை ஃபியூஸ் எதுவும் இல்லாமல் ஹெட்லைட் சுவிட்ச் வயரில் சுரண்டி முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். அது தகட்டின் விளிம்பில் உரசி, மேல்தோல் உருகி, பக்கத்து வயர்களோடு கறுப்பாக ஒட்டிக்கிடந்தது.

அவரே மல்டிமீட்டர் வைத்து அளந்தார். மீட்டரோடு வந்த தாளில், சென்சாரின் மின்தடை அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது அமெரிக்க வகை. எஞ்சினில் மாட்டியிருந்த சென்சார் 10 ஓமில் தொடங்கி 180 வரை ஏறும் ஐரோப்பிய வகை. ஒன்று இறங்க வேண்டிய இடத்தில் மற்றது ஏறுகிறது. செட்டோடு வந்த சென்சார் எங்கே போயிற்று என்று நான் கேட்டதற்குக் கடையில் இன்றுவரை பதில் இல்லை. மரையும் பொருந்தவில்லை. ஜப்பானிய எஞ்சின்களில் வழக்கமாக இருப்பது அங்குலத்துக்கு 28 மரை; இந்தச் சென்சாரில் 27. டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றி, ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த் என்பதால், இப்படிச் சுற்றுவது அளவீட்டையும் கெடுக்கும். ஓரத்தில் ஆயில் கசிந்திருந்தது. எஞ்சின் பிளாக்கில் மரை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது இனிமேல்தான் தெரியும்.

₹18,500 போக, கருகிய வயரிங்கை மாற்றும் செலவு தனி. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பில் இருக்கா சார்?” என்று கேட்கிறார்கள். துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்களேதான். ஜி-பே விவரம், சீட்டு, படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். ₹5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். தேசிய உதவி எண் 1915-இலும் புகார் பதிந்துவிட்டேன்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. மீட்டரும் சென்சாரும் ஒரே பெட்டியிலிருந்து உங்கள் கண்முன் வெளியே வர வேண்டும், ஓம் அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சாவியை மட்டும் திருப்பி ஆயில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் எங்கே என்று கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இல்லாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தக் கடையில் ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றே டேஷ்போர்டைப் பிரித்து, சிவப்பு வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். கடை எது என்று தெரிய வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள்.